உங்களுக்கு நீங்களே துக்கம் கேளுங்கள்

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் புறப்படுகிறவர்கள் 'ஆறுதல் சொல்லப் போறேன்' என்று சொல்வதில்லை. 'துக்கம் கேட்டுட்டு வந்துடுறேன்' என்றுதான் சொல்வார்கள். இந்தச் சொல்லின் அருமை எனக்கு அம்மா போன பிறகுதான் தெரிந்தது.

அம்மா இறந்த நாலாம் நாள் ஊரிலிருந்து ஒரு பெரியம்மா வந்தார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே வந்து தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கையைப் பிடித்துக்கொண்டார். "எப்படிப்பா ஆச்சு?" என்றார். அதற்குள் நாற்பது பேரிடமாவது அந்தக் கதையைச் சொல்லியிருப்பேன். ஆனாலும் முதலிலிருந்து சொன்னேன். அவர் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. நான் முடித்ததும், "சாப்டியாப்பா?" என்று கேட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. பந்தல் பிரித்தார்கள், வாடகை நாற்காலிகள் போயின, வெளியூர்க்காரர்கள் பஸ் ஏறினார்கள். அன்று இரவுதான் வீடு நிஜமாகவே காலியானது. அதன்பிறகு 'எப்படி ஆச்சு' என்று கேட்க ஆள் இல்லை.

இந்த வழிகாட்டி அந்தப் பதினேழாம் நாளிலிருந்து தொடங்குகிறது. பெரியம்மா செய்தவை நாலே காரியங்கள்: பக்கத்தில் உட்கார்ந்தார், கையைப் பிடித்தார், கதையைக் கேட்டார், சாப்பாட்டை விசாரித்தார். இவற்றை நமக்கு நாமே செய்துகொள்ளப் பழக முடியும். அதற்கு எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. உங்களுக்குக் கொஞ்சம் சீக்கிரம் கைவரட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தொடங்கும் முன் இறக்கிவைக்க வேண்டிய ஒன்று

துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டு என்று எங்கேயாவது கேள்விப்பட்டிருப்பீர்கள்: மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. 1969இல் எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மருத்துவர் இதை எழுதியபோது, தீராத நோயால் சாவை எதிர்நோக்கியிருந்தவர்களிடம் பேசித்தான் எழுதினார். பிரிந்தவரை நினைத்து அழுகிறவர்களுக்கான அட்டவணையாக அது பின்னாளில் பரவிவிட்டது. 'எனக்கு இன்னும் கோபமே வரலையே, ஏதோ தப்பா?' என்று யோசித்துக்கொண்டிருந்தால் விட்டுவிடுங்கள். கட்டம் கட்டமாக ஏறி முடிக்கிற படிக்கட்டு எதுவும் இதில் கிடையாது. காலையில் நன்றாக இருப்போம். மத்தியானம் மளிகைக்கடையில் அவர் வாங்கும் சோப்பைப் பார்த்து உடைந்துபோவோம். இரண்டும் ஒரே நாளில் நடக்கும்.

முதலில் உடம்பு

பெரியம்மா கடைசியாகக் கேட்ட கேள்வியிலிருந்து ஆரம்பிப்போம். துக்கம் முதலில் உடம்பில்தான் உட்காருகிறது. மூன்று மணிக்கு விழிப்பு வரும், வாய் கசக்கும், நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி இருக்கும், எடுத்த பொருளை எங்கே வைத்தோம் என்பது மறக்கும்.

ஒரு தாளில் மூன்றே மூன்று வரி எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்: சாப்பிட்டேனா, மாத்திரை போட்டேனா, வெயிலில் கொஞ்சம் நின்றேனா. மாத்திரையைக் குறிப்பிட்டுச் சொல்லக் காரணம் இருக்கிறது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை எடுக்கிறவர்கள் சாவு வீட்டுக் கலவரத்தில் பத்து நாள் அதை மறந்துவிடுகிறார்கள். மனைவியோ கணவரோ எடுத்துக்கொடுத்துப் பழகியிருந்தால் மறதி இன்னும் அதிகம். எடுத்துக்கொடுத்த கையே இல்லையே.

நெஞ்சுவலி வந்தால் 'மனசு கஷ்டம்தான்' என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். பெருந்துயரத்துக்குப் பின் இதயத்தின் ஒரு பகுதி தற்காலிகமாக உப்பிப் பலவீனமாகும் நிலை ஒன்று உண்டு. 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் அதை விவரித்து, ஆக்டோபஸ் பிடிக்கும் பானையின் பெயரால் 'டகோட்சுபோ' என்று அழைத்தார்கள். மாதவிடாய் நின்ற வயதுப் பெண்களிடம் இது அதிகம். பெரும்பாலானோர் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். ஆனால் மாரடைப்பா, இதுவா என்பதைச் சோதனை செய்துதான் சொல்ல முடியும். அதனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

உட்காரும் இடமும் நேரமும்

நாள் முழுக்க அழுகையை அடக்கினாலும் தளர்ந்துபோவோம், நாள் முழுக்க அதிலேயே கிடந்தாலும் தளர்ந்துபோவோம். துக்கத்துக்கென்று ஒரு நேரம் ஒதுக்குங்கள். இருபது நிமிடம் போதும். மாலை விளக்கேற்றும் வேளை பலருக்கு ஒத்துவருகிறது. படுக்கப் போகுமுன் வேண்டாம், தூக்கம் கெட்டுப்போகும்.

இடமும் ஒன்றாகவே இருக்கட்டும். மொட்டைமாடி, பின்கட்டுத் திண்ணை, அவர் உட்கார்ந்த நாற்காலிக்கு எதிர் நாற்காலி, எதுவானாலும் சரி. போன் வேறு அறையில் இருக்கட்டும். உட்கார்ந்ததும் ஒரு கையால் மறு கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அல்லது உள்ளங்கையை நெஞ்சின்மேல் வையுங்கள். முதல் தடவை கூச்சமாக இருக்கும். எனக்கு இருந்தது. மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதைக் கொஞ்சம் நீட்டிப் பத்து மூச்சு விடுங்கள். பிறகு வாய்விட்டே கேளுங்கள்: "இன்னிக்கு எப்படி இருக்கு?"

பதில் வரவில்லையென்றால் சும்மா உட்கார்ந்திருங்கள். மரத்துப்போயிருப்பதும் ஒரு பதில்தான். நேரம் முடிந்ததும் எழுந்து முகம் கழுவிவிட்டு ஏதாவது ஒரு சின்ன வேலை செய்யுங்கள்: செடிக்குத் தண்ணீர், அரிசி களைவது, துணி மடிப்பது. இதைத் தவறவிடாதீர்கள். உள்ளே போன மனசை வெளியே கூட்டிக்கொண்டு வரக் கைவேலை வேண்டும்.

எப்படி ஆச்சு?

முதல் சில வாரங்களில் இந்தக் கேள்விக்கான பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லத் தோன்றும். கேட்க ஆள் இருந்தால் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எழுதுங்கள்.

ஒப்பாரியைக் கவனித்துக் கேட்டிருக்கிறீர்களா? இறந்தவரைப் பற்றிப் பிறத்தியாருக்குச் சொல்கிற பாட்டாக அது இருக்காது. அவரிடமே நேராகப் பேசும். 'என்னப் பெத்த அம்மா' என்று கூப்பிடும், கேள்வி கேட்கும், கோபிக்கும், பிறந்த வீட்டுக் குறையும் புகுந்த வீட்டுக் குறையும் சேர்த்து முறையிடும். பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்து வட்டமாக உட்கார்ந்து பாடுவார்கள். ஒருத்தி தன் அண்ணன் சாவுக்கு அழும்போது இன்னொருத்தி பத்து வருஷத்துக்கு முன் போன தன் பிள்ளைக்கு அழுவாள். அங்கே யாரும் தனியாக அழுவதில்லை.

அந்த வடிவத்தை நோட்டுக்குக் கொண்டுவாருங்கள். 'அம்மா இறந்துவிட்டார்' என்று எழுதாமல், 'அம்மா, நீ போன அன்னிக்குக் காலைல...' என்று தொடங்குங்கள். வீட்டில் எப்படிப் பேசுவீர்களோ அதே பேச்சில் எழுதுங்கள். எழுத்துப்பிழை, கையெழுத்து எதைப் பற்றியும் கவலை வேண்டாம். யாருக்கும் காட்டத் தேவையில்லை, கிழித்தும் போடலாம்.

ஆண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சாவு வீட்டில் பெண்கள் உள்ளே அழுதுகொண்டிருக்க, நாம் வெளியே பந்தலில் நாற்காலி எண்ணிக்கொண்டு, ஐஸ் பெட்டிக்குப் பணம் கொடுத்துக்கொண்டு, வருகிறவர்களின் கையைத் தொட்டு அனுப்பிக்கொண்டு நின்றிருப்போம். ஆற அமர அழ நேரமே கிடைத்திருக்காது. அந்த அழுகை எரிச்சலாகவோ, குடியாகவோ, பிள்ளைகளிடம் கத்துவதாகவோ வெளியே வருவதை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். நோட்டு உங்களுக்குத்தான் ரொம்பத் தேவை.

எழுதுவது எல்லாருக்கும் ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் மாணவர்களை அடுத்தடுத்து நாலு நாள், தினமும் 15 நிமிடம், மனதைப் பாதித்த சம்பவங்களை எழுதச் சொன்னார்கள். எழுதிய உடனே மனம் கனத்தது. ஆனால் நடந்ததையும் அதில் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் மருத்துவரைத் தேடிப் போவது குறைந்தது. உறவை இழந்தவர்களிடம் மட்டும் பின்னாளில் செய்த ஆய்வுகளில் இதே அளவு பலன் தெளிவாகத் தெரியவில்லை. அதனால் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள். நெஞ்சு லேசானால் தொடருங்கள். எழுத எழுத அதே காட்சி இன்னும் கூர்மையாகத் திரும்பி வந்தால் நோட்டை மூடிவிட்டு, நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள்.

'இன்னும் கொஞ்சம் முன்னாடியே...'

பொறுமையாகப் போக வேண்டிய இடம் இது. துக்கத்தில் நம்மை அதிகமாக அரிப்பது குற்றவுணர்வுதான். முன்னாடியே ஸ்கேன் எடுத்திருந்தால், வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால், அன்றைக்கு அந்தப் போனை எடுத்திருந்தால். எனக்கு அது போன்தான். அம்மா அன்று மத்தியானம் கூப்பிட்டார். வேலையில் இருந்தேன், அப்புறம் பேசலாம் என்று விட்டுவிட்டேன்.

ஒரு பக்கத்தின் நடுவே கோடு கிழியுங்கள். இடப்பக்கம் 'அன்று எனக்குத் தெரிந்தது', வலப்பக்கம் 'இன்று எனக்குத் தெரிவது'. என் இடப்பக்கத்தில் ஒரே வரிதான் இருந்தது: அம்மா தினமும் அந்த நேரத்தில் சாப்பிட்டாயா என்று கேட்கக் கூப்பிடுவார். வலப்பக்கத்தில்: அன்று சாயங்காலம் அம்மா இருக்க மாட்டார். வலப்பக்கத்தை வைத்துக்கொண்டு இடப்பக்கத்தில் நின்றவனை அடித்துக்கொண்டிருந்தேன் என்பது எழுதிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது.

அதற்குக் கீழே, துக்கம் கேட்க வந்த பெரியம்மா இதைக் கேட்டால் என்ன சொல்வார் என்று அவர் குரலிலேயே எழுதுங்கள். உங்களுக்கும் அப்படி ஒருவர் இருப்பார், அத்தை, தாத்தா, பழைய வாத்தியார் என்று. 'அவளுக்குத் தெரியாதாப்பா நீ வேலையா இருப்பேன்னு' என்று எழுதினேன். எழுதியது நான்தான், ஆனால் அந்தக் குரலில் வந்தபோது மனம் அதை ஏற்றுக்கொண்டது. கிறிஸ்டின் நெஃப் என்ற உளவியலாளர் 2003இல் தன்மேல் தானே பரிவு காட்டுவதற்கு மூன்று அங்கங்களைச் சொன்னார்: தன்னிடம் கனிவாக இருப்பது, இந்த வலி மனிதர் எல்லாருக்கும் உள்ளது என்று உணர்வது, வலியை மறைக்காமலும் பெருக்காமலும் பார்ப்பது. பெரியம்மா பெயர் வைக்காமல் செய்தது இதைத்தான்.

சில நேரம் தவறு நிஜமாகவே நடந்திருக்கும். கடைசிக் காலத்தில் எரிந்து விழுந்திருப்போம், பார்க்கப் போகாமல் இருந்திருப்போம். 'உன் மேல தப்பே இல்ல' என்று யாராவது சொன்னால் அது உள்ளே இறங்காது. அப்போது தவறைத் தவறென்றே எழுதுங்கள், மன்னிப்புக் கேளுங்கள். அவருக்குச் செய்யாததை இருக்கிற ஒருவருக்குச் செய்யுங்கள். அப்பாவைப் பார்க்கப் போகாதவர் சித்தப்பாவை மாதம் ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

வெளியே சொல்ல முடியாத இன்னொன்றும் உண்டு: நிம்மதி. மூன்று வருஷம் படுத்த படுக்கையாக இருந்தவரைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு முதல் இரவு நன்றாகத் தூக்கம் வரும். குடித்துவிட்டு அடித்த அப்பா போனால் அழுகையே வராமல் இருக்கலாம். அது பாவமில்லை. நோட்டில் அதையும் எழுதுங்கள்.

போவதும் வருவதும்

நெதர்லாந்து ஆய்வாளர்கள் மார்கரெட் ஸ்ட்ரோபேயும் ஹென்க் ஷுட்டும் 1999இல் சொன்ன ஒரு கருத்து எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. இழப்பை நோக்கிக் கொஞ்ச நேரம், வாழ்க்கையை நோக்கிக் கொஞ்ச நேரம் என்று மனம் ஊசலாடுவதே இயல்பு என்றார்கள் அவர்கள். அதனால் மூன்றாம் வாரம் ஒரு ஜோக்குக்குச் சிரித்துவிட்டால் பதற வேண்டாம்.

வாழ்க்கைப் பக்கத்தில் காகித வேலைகள் காத்திருக்கும். இந்தியாவில் இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் அவர்களே பதிந்துவிடுவார்கள். வீட்டில் இறந்திருந்தால் நாம்தான் சொல்ல வேண்டும். இறப்புச் சான்றிதழில் நாலைந்து பிரதி வாங்கிவையுங்கள். பிறகு வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, குடும்ப ஓய்வூதியம், ரேஷன் கார்டில் பெயர் நீக்கம் என்று வரிசையாக வரும். ஒவ்வொரு மேசையிலும் 'இறந்தவர் பெயர்?' என்று கேட்பார்கள், ஒவ்வொரு தடவையும் குத்தும். வாரத்துக்கு ஒரு வேலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கூட ஒருவரைக் கூட்டிப் போங்கள். முடிந்ததும் ஒரு டீக்கடையில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

பீரோவும் போனும்

பொருட்களை அவசரமாக அள்ளிக் கொடுத்துவிட வேண்டாம். 'பார்த்தா அழுகை வரும்' என்று உறவினர்கள் மூட்டை கட்டத் தயாராக நிற்பார்கள். சில மாதம் கழித்து அந்த நூல்சேலைக்காக ஏங்குவீர்கள். இப்போதே செய்ய வேண்டியது ஒன்றுதான்: போனில் உள்ள குரல் பதிவுகளையும் படங்களையும் வேறு இடத்தில் நகலெடுத்து வையுங்கள். அந்த சிம் எண்ணை ரத்து செய்யும் முன் அதோடு இணைந்த வாட்ஸ்அப்பில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

ஆறு மாதம் கழித்து ஒருநாள், யாராவது கூட இருக்கும்போது, மூன்றாகப் பிரியுங்கள்: வைத்துக்கொள்வது, கொடுப்பது, இன்னும் தெரியாதது. மூன்றாவது பெரிதாக இருந்தால் இருக்கட்டும். அம்மாவின் மூக்குக்கண்ணாடி இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.

சடங்குகளை என்ன செய்வது

தலைத் தீபாவளி கொண்டாடுவது போல, துக்க வீட்டில் தீபாவளி கொண்டாடாமல் இருப்பதும் நம்மிடம் உள்ள வழக்கம். மாசியம், ஆடி அமாவாசை, தலைத் திவசம் என்று ஒரு வருஷம் முழுக்க அழுவதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கிறிஸ்தவ வீடுகளில் நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அன்று மெழுகுவத்தியும் பூவும் எடுத்துப் போவார்கள். முஸ்லிம் வீடுகள் பலவற்றில் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதுவார்கள். நம்பிக்கை இல்லாதவர்களும் அந்த நாட்களை வீணாக்க வேண்டாம். அவருக்குப் பிடித்ததைச் சமைத்து நாலு பேரோடு சாப்பிட்டு, ஆளுக்கொரு கதை சொல்லுங்கள். பிறந்தநாள், கல்யாண நாள் போன்றவற்றை ஒரு வாரம் முன்பே காலண்டரில் குறித்து, அன்றைக்கு எங்கே இருப்பீர்கள், யாரோடு இருப்பீர்கள் என்று முடிவு செய்துவிடுங்கள். திடீரென்று வந்து தாக்கும் நாளைவிடத் தெரிந்து வரும் நாளைத் தாங்குவது எளிது.

ஒரு சடங்கைப் பற்றி மட்டும் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கணவனை இழந்த பெண்ணை எல்லார் முன்னாலும் உட்காரவைத்து, பூவைத்துப் பொட்டிட்டு அலங்கரித்து, பிறகு வளையலை உடைத்துப் பொட்டை அழித்துத் தாலியைக் கழற்றுவது. நொந்து கிடப்பவளை இன்னொரு முறை நோகடிக்கும் செயல் இது. அந்தப் பெண் உங்கள் அம்மாவோ அக்காவோ என்றால், பத்தாம் நாளுக்கு முன்பே தனியே கூப்பிட்டு, 'உனக்கு என்ன வேணும்?' என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் பெரியவர்களிடம் பேசும் பொறுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவளே பெரியவர்களிடம் வாதாட வேண்டிய நிலையை வைக்காதீர்கள், அவளுக்கு அன்று தெம்பிருக்காது.

வீட்டுப் பிள்ளைகள்

'தாத்தா தூங்குறாங்க', 'ஊருக்குப் போயிருக்காங்க' வேண்டாம். தூங்கவே பயப்படுவார்கள், வாசலைப் பார்த்துக் காத்திருப்பார்கள். 'தாத்தா செத்துப்போயிட்டாங்க. உடம்பு வேலை செய்யுறது நின்னுடுச்சு, இனி வர மாட்டாங்க' என்று சொல்லுங்கள். ஒரே கேள்வியைப் பத்து தடவை கேட்பார்கள். பத்து தடவையும் அதே பதிலைச் சொல்லுங்கள். நீங்கள் அழுவதை அவர்கள் பார்த்தால் பரவாயில்லை.

கதைக்கு முடிவில்லாத வீடுகள்

'எப்படி ஆச்சு' என்ற கேள்விக்குப் பதிலே இல்லாத குடும்பங்கள் நம்மிடையே உண்டு. 2017 ஒக்கிப் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாத கன்னியாகுமரி மீனவர்களின் வீடுகள். இலங்கையின் வடக்கு கிழக்கில் காணாமல் ஆக்கப்பட்டோரின் படங்களை ஏந்தி ஆண்டுக்கணக்கில் தெருவில் உட்கார்ந்திருக்கும் தாய்மார். பாலின் பாஸ் என்ற அறிஞர் இதைத் தெளிவற்ற இழப்பு என்றார். அவர்களிடம் 'ஏத்துக்கோங்க', 'காரியம் பண்ணிடுங்க' என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. இருக்கிறான், இல்லை என்ற இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்திருக்க அவர்களை விட வேண்டும். அவர்களுடைய இருபது நிமிடத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: 'அவன் எப்படிப்பட்ட பிள்ளை?'

இது போதாமல் போகும்போது

ஆறு மாதம் தாண்டியும் பெரும்பாலான நாட்களில் ஏக்கம் அதே கொதிநிலையில் இருந்து, வேலைக்குப் போக முடியாமல், யாரையும் பார்க்க முடியாமல் இருந்தால், அதற்கு நீடித்த துக்கக் கோளாறு என்று பெயர் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இதற்கு ஆறு மாத அளவையும், அமெரிக்க மனநலக் கையேட்டின் 2022 பதிப்பு பெரியவர்களுக்கு 12 மாத அளவையும் வைக்கின்றன. இதற்கென்றே வடிவமைத்த பேச்சு சிகிச்சை இருக்கிறது, அது பலன் தருகிறது. மனநல மருத்துவரைப் பார்ப்பதால் போனவர் மேல் உள்ள பிரியம் குறைந்துவிடாது.

'நானும் போயிடலாம்' என்ற எண்ணம் வந்தால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம், அன்றே பேசுங்கள். இந்தியாவில் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி கிடைக்கும், கட்டணமில்லை, தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் சிநேகா அமைப்பு தற்கொலை எண்ணத்தோடு போராடுகிறவர்களின் பேச்சைக் கேட்டு வருகிறது. இலங்கையில் 1926 என்ற எண்ணைக் கூப்பிடலாம். தற்கொலையில் ஒருவரை இழந்த வீடுகளும், பிள்ளையை இழந்த பெற்றோரும் தனியே சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைக்காமல் முதல் மாதத்திலேயே உதவி தேடுவது நல்லது.

இருபது நிமிடம் குறையும்போது

ஒரு கட்டத்தில் அந்த மாலை நேரத்தை ஒருநாள் மறந்துவிடுவீர்கள். மறுநாள் நினைவு வந்ததும் அம்மாவையே மறந்துவிட்டதாகத் துடித்துப்போவீர்கள். பயப்பட வேண்டாம். வாரம் மூன்று நாளாக்குங்கள், பிறகு ஒரு நாளாக்குங்கள். எனக்கு இப்போது வெள்ளிக்கிழமை மட்டும். நோட்டில் அழுகை குறைந்து செய்தி கூடிவிட்டது: முருங்கை காய்த்திருக்கிறது, பெரியவள் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள், நீ சொன்ன மாதிரி வத்தக்குழம்பில் கடைசியில் கொஞ்சம் வெல்லம் போட்டேன்.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சாவு. பதினாறு முடிந்து நாலு நாள் விட்டு, பந்தலும் கூட்டமும் இல்லாத ஒரு மத்தியானம் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பையன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "எப்படிப்பா ஆச்சு?" என்றேன். அவன் முதலிலிருந்து ஆரம்பித்தான்.